வண்டி சீனை வெட்டின கதை

சினிமாவுல சாவ வேண்டிய ஒரு புள்ளைய, ஒரு ஞாயித்துக்கெழம மேட்னி பூரா சாவ விடாம காப்பாத்துனவன் நான். டாக்டர் இல்ல, சிதம்பரத்துல ஒரு கொட்டாய்ல ஆபரேட்டரு. வைத்தியம் பண்ண கையில இருந்தது ஒரு கத்திரிக்கோலு. புள்ள பொழச்சிட்டான். ஆனா அதுக்கப்புறம் நாலு ரீலுக்கு அவன் அம்மா எதுக்கு அழுவுறான்னு கொட்டாய்ல ஒருத்தருக்கும் புரியல.

இப்ப மெஷின் ரூமுக்குப் புதுசா வர்ற பசங்க, "அண்ணே, அந்தக் காலத்துல எப்படிண்ணே ஓட்டுனீங்க?"ன்னு கேப்பானுங்க. நானும் கார்பன், ஆர்க்குன்னு பெருசா அளந்து விடுவேன். இத மட்டும் சொல்றதில்ல. இப்ப தலையில பாதி மயிரு போயிடுச்சு. மானமும் அதே அளவு போனா பரவாயில்லன்னு எழுதுறேன்.

1. அழுவுற நோட்டு

அறுவதுகளோட நடுவுல நடந்தது. எனக்கு இருவத்தேழு வயசு. லைசென்ஸ் வாங்கி மூணு வருசம். ரூம்ல ரெண்டு மெஷினு. ஒரு ரீல் பத்து நிமிசம் ஓடும். அது முடியறப்ப படத்தோட மூலையில ஒரு புள்ளி வரும். அதப் பாத்ததும் அடுத்த மெஷின மோட்டார் போட்டு, ரெண்டாவது புள்ளிக்கு மாத்தி விடணும். ஜனங்களுக்கு மாறுனதே தெரியக் கூடாது. தெரியாம இருந்தா யாரும் நம்மள நெனைக்க மாட்டாங்க. தெரிஞ்சா நம்ம அம்மா அப்பாவையெல்லாம் நெனைப்பாங்க.

செவுத்துல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். அது வழியா ஆபரேட்டரு திரையப் பாக்கணும். நான் ஜனங்களப் பாப்பேன். ஒரே படத்த நாப்பது ஷோ ஓட்டுறவன் திரையில என்னத்தப் பாக்குறது? எந்த ரீல்ல சிரிக்கிறாங்க, எந்த ரீல்ல பீடி பத்த வெக்க எழுந்து போறாங்க, எங்க மூக்க உறியறாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெப்பேன். அழுவுற எடத்துக்கு செவப்புப் பென்சிலு. அந்த எடம் வந்ததும் சவுண்டுத் திருகிய ரெண்டு புள்ளி மேல தூக்குவேன். வயலின் ஏறும். லேடீஸ் பக்கம் மொத்தமும் முந்தானையத் தூக்கும். எனக்கு அப்ப இருக்குற பெருமைய சொல்லி மாளாது. மூஞ்சி காட்டி நடிச்சவன், ராவெல்லாம் உக்காந்து பாட்டு போட்டவன் எல்லாரும் பின்னால போயிடுவாங்க. நானே அழ வெச்ச மாதிரி மீசையத் தடவிக்குவேன்.

எங்க மேனேஜரு காதர் பாய்கிட்ட ஒரு தடவ அந்த நோட்டக் காட்டுனேன். பொரட்டிப் பாத்துட்டு, "இதுல கரண்ட் கட்டாவுற எடம் எழுதியிருக்கியாப்பா?"ன்னாரு. இல்லன்னேன். திருப்பிக் குடுத்துட்டாரு.

2. கார்டு

அந்த வருசம் ஒரு படம் வந்துச்சு. பேரு வேணாம். பதினாறு ரீலு. அதுல பன்னெண்டாவது ரீலு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ரீலு. ஒரு அம்மா, ஜொரத்துல கெடக்குற ஆறு வயசுப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு மழையில மாட்டு வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போவா. பாதி வழியில வண்டிக்காரன் திரும்பிப் பாப்பான். புள்ள போயிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். "ஹோ"ன்னு மாட்ட நிறுத்திடுவான். அவ நிமிந்து பாத்து, "ஏண்ணே நிறுத்திட்டீங்க, ஓட்டுங்கண்ணே"ம்பா. அவன் ஓட்ட மாட்டான். அவ திரும்பத் திரும்ப ஓட்டுங்கண்ணேன்னு சொல்லுவா. அவ்ளோதான் சீனு. மூணு நிமிசம். அந்த ரீலுக்கு நோட்டுல செவப்புப் பென்சில் பத்தாம பேப்பரே கிழிஞ்சு போச்சு.

கடலூர்ல ஓடி முடிச்சுட்டு எங்ககிட்ட வந்த படம் அது. ரெண்டாவது வாரத்துல எங்க அக்கா தனத்துகிட்டேருந்து கார்டு வந்துச்சு. அக்காவ கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, கட்டிக் குடுத்திருந்தோம். மாமாவுக்குத் துறைமுகத்துல வேல. "ஞாயித்துக்கெழம பாசஞ்சர்ல வரேன். அந்தப் படம் பாக்கணும். மேட்னி பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடுவேன்"னு நாலு வரி.

கார்ட கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். அக்காவுக்கு ஒரே புள்ள, ரவி. ஆறு வயசு. எட்டு மாசம் முன்னாடிதான் ஜொரத்துல போனான்.

படு வாலு. சனிக்கெழம எண்ணெ தேய்க்கணும்னா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவான். அக்கா அவனப் பாக்காத மாதிரி, "இந்த வூட்ல ஒரு புள்ள இருந்துச்சே, யாரு தூக்கிட்டுப் போனது?"ன்னு தேடும். உள்ளேருந்து சிரிப்பு வரும். நான் போற அன்னிக்கெல்லாம் எனக்கும் அந்த ஆட்டத்துல ஒரு வேஷம் உண்டு. திருடன் வேஷம்.

அவன் போன அன்னிக்கு தெருவே அழுதுச்சு. அக்கா மட்டும் அழல. வந்தவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. பதினாறாம் நாளும் அழல. "பெத்தவளா இவ, ஒரு சொட்டுத் தண்ணி வுடலியே"ன்னு அது மாமியாரு வாசல்ல உக்காந்து போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எங்க அக்கா தைரியசாலின்னு நான் நெனச்சேன். எட்டு மாசத்துல மறந்துட்டு வருதுன்னும் நெனச்சேன். படத்துல என்னா இருக்குன்னு தெரியாம வருது, வந்து வண்டி சீனப் பாத்துட்டா என்னாவும்?

ஞாயித்துக்கெழம காலையிலயே ரூமுக்குப் போயிட்டேன். பன்னெண்டாவது ரீல ரீவைண்டர்ல மாட்டி, கையால மெதுவா சுத்தி, வண்டிக்காரன் திரும்பிப் பாக்குற எடத்துல ஒரு வெட்டு. அந்த சீன் முடியற எடத்துல ஒரு வெட்டு. பிளேடால சொரண்டி, ஃபிலிம் ஒட்டுற சிமெண்ட் தடவி, ரெண்டு முனையையும் ஒட்டிட்டேன். வெட்டுன துண்ட சுருட்டி ஆணியில மாட்டுனேன். சாயங்கால ஷோவுக்கு முன்னாடி திரும்ப ஒட்டிடலாம், ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்லன்னு கணக்கு. வேல முடிஞ்சதும் ஒரு டீ குடிச்சேன். நல்லா இருந்துச்சு அந்த டீ.

3. புள்ள எங்கய்யா

பாசஞ்சரு கிள்ளைக்கிட்ட நின்னுடுச்சாம். அக்கா வந்து சேரும்போது ஆறாவது ரீலு ஓடிக்கிட்டு இருந்துச்சு. லேடீஸ் கேட்டுல டிக்கெட் கிழிக்கிற இன்னாசியம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். அவுங்க அக்காவக் கூட்டிட்டுப் போயி ஓரத்து பெஞ்சுல உக்கார வெச்சத ஓட்டை வழியாப் பாத்தேன்.

பன்னெண்டாவது ரீலு. மழை பேஞ்சுது. வண்டி போச்சு. வெட்டுன எடம் வந்துச்சு. வண்டி போயி, வூடு வந்துச்சு. அம்மா வௌக்குக்கிட்ட தலைவிரிகோலமா உக்காந்திருக்கா.

இதுல எனக்குத் தெரிஞ்சே நான் மறந்துட்ட விஷயம் ஒண்ணு உண்டு. ஃபிலிம்ல ஒரு படத்துக்கான சத்தம் அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே இருக்காது. இருவது கட்டம், அதாவது இருவது ஃபிரேம், முன்னாடியே பதிஞ்சிருக்கும். நான் படத்தப் பாத்து வெட்டுனேன். வெட்டுன சீனோட சத்தம் முனையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துடுச்சு. அதனால வூட்டுக்குள்ள அம்மா உக்காந்திருக்கா, எங்கேருந்தோ ஒருத்தன் "ஹோ"ன்னு மாட்ட நிறுத்துறான்.

அப்புறம் படத்துல அப்பன்காரன் ஊர்லேருந்து வந்து மூலையில சாஞ்சு அழுதான். தர டிக்கெட்லேருந்து ஒருத்தன் கேட்டான், "யோவ், புள்ள எங்கய்யா?"

இன்னொருத்தன், "ஆபரேட்டரு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்யா."

அதுவரைக்கும் பரவாயில்ல. விசிலும் பெஞ்சு தட்டுறதும் எனக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது லேடீஸ் பக்கத்துலேருந்து வந்துச்சு. அதுல பாதிப் பேரு ரெண்டாவது தடவ, மூணாவது தடவ பாக்க வந்தவங்க. அவுங்க அந்த மூணு நிமிசத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தவங்க. முந்தானைய கையில எடுத்து ரெடியா உக்காந்திருந்தவங்க. எழுந்து நின்னு இன்னாசியம்மாவப் பிலுபிலுன்னு புடிச்சிக்கிட்டாங்க.

காதர் பாய் படி ஏறி வந்தாரு. அவுருக்கு மூட்டு வலி, சாதாரணமா மேல வர மாட்டாரு. "என்னாப்பா ஆச்சு?"

"ஃபிலிம் அறுந்துடுச்சு பாய்."

பாய் ரூம சுத்திப் பாத்தாரு. ஆணியில தொங்கறதப் பாத்தாரு. "அறுந்த ஃபிலிமு இவ்ளோ அழகா சுத்திக்கிட்டுப் போயி ஆணியில மாட்டிக்குமா?"

எனக்கு மெஷின விட்டு நகர முடியாது, வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிஞ்சிக்கிட்டு இருக்கு. பாய் பெஞ்சு மேல இருந்த கத்திரிக்கோல எடுத்து ஜிப்பா பையில போட்டுக்கிட்டு, "ஷோ முடிஞ்சதும் கீழ வா"ன்னுட்டு எறங்கிட்டாரு.

4. சோடாக்கட

கீழ போறதுக்கு முன்னாடி அக்காவப் பாக்கப் போனேன். கொட்டாய் வாசல்ல சோடாக்கட ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சி எப்பவும் போலத்தான். நான் பெருசா ஒதவி பண்ணவன் மாதிரி சிரிச்சுக்கிட்டே போயி, "ஒரு சீன் வெட்டிட்டேங்கா. நீ பாக்க வேணாம்னுதான்"னேன்.

அக்கா சோடாவ குடிக்காம கையிலயே வெச்சுக்கிட்டு இருந்துச்சு. "வண்டி சீனா?"

"உனக்குத் தெரியுமா?"

"எங்க தெருவுல எல்லாரும் அதத்தான பேசறாளுங்க. அதுல அழாதவ கெடையாதுன்னு." அப்புறம் சொல்லிச்சு. "எனக்கு வரவே மாட்டேங்குதுடா கலியா. தொண்டையில அடச்சுக்கிட்டு நிக்கிது. சோறு எறங்கல. அங்க கொட்டாய்க்குப் போனா அவளுங்க படத்தப் பாக்க மாட்டாளுங்க, என் மூஞ்சியத்தான் பாப்பாளுங்க. இங்க என்ன யாருக்கும் தெரியாது. இங்க உக்காந்து அழுதுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

சோடாவ அப்படியே கடையில வெச்சிடுச்சு.

"அத நீ வெட்டி வெச்சிட்ட"ன்னுச்சு. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சாயங்கால வண்டிக்கு ஏத்தி விட்டுட்டு வந்தேன். அடுத்த மேட்னி சனிக்கெழமதான். ஆனா வெள்ளிக்கெழம காலையில படப்பெட்டி சேத்தியாத்தோப்பு டூரிங் கொட்டாய்க்குப் போயிடும். ராத்திரி ஷோவுக்கு அக்காவ மாமியாரு அனுப்ப மாட்டாங்க. எட்டு மாசம் அடச்சுக்கிட்டு நின்னது மறுபடியும் அப்படியேதான் கடலூருக்குத் திரும்பிப் போயிருக்கு. அதுக்குக் காரணம் நான்.

பாய்கிட்ட போனேன். வேலைய விட்டு எடுத்துடுவாருன்னுதான் நெனச்சேன். விஷயத்த முழுசா சொன்னேன், ரவி கட்டிலுக்கு அடியில பூந்துக்குறது வரைக்கும் சொன்னேன். அத ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. பாய் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேட்டாரு. அவுங்க வூட்லயும் ஒரு புள்ள போயிருக்குன்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

"அந்தப் பொம்பளைங்க எல்லாம் காசத் திருப்பிக் குடுன்னு வாசல்ல நின்னாங்க"ன்னாரு. "புதன்கெழம லேடீஸ் மேட்னி போடுறேன், இதே டிக்கெட்டுல வாங்கன்னு சொல்லிட்டேன். உங்க அக்காவுக்கு இன்னிக்கே கார்டு போடு. கார்டு வேணாம், காலையில பஸ் புடிச்சு நீயே போயி சொல்லிட்டு வா." நான் எழுந்தேன். "கலியபெருமாளு. அந்தத் துண்ட என் முன்னாடி ஒட்டு."

பாய் கத்திரிக்கோலக் குடுத்து, பக்கத்துலயே நின்னு, ஒட்டி முடிச்சதும் திரும்ப வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கொட்டாய்ல நான் இருந்த ஒம்போது வருசமும் ஃபிலிம் அறுந்தா, நான் கீழ ஓடிப் போயி பாய்கிட்ட கத்திரிக்கோல் கேட்டு வாங்கிட்டு வரணும்.

5. லேடீஸ் மேட்னி

புதன்கெழம அக்கா பஸ்ல வந்துச்சு. படம் போடறதுக்கு முன்னாடியே வந்து அதே ஓரத்து பெஞ்சுல உக்காந்துடுச்சு. கொட்டாய் பூரா பொம்பளைங்க. கைக்கொழந்தைங்க கத்தறது, முறுக்கு கடிக்கிறது, எல்லாம் ரூம் வரைக்கும் கேக்குது. நான் பன்னெண்டாவது ரீல ரெண்டு தடவ தொடச்சு வெச்சேன். சவுண்டுத் திருகிய எத்தன புள்ளி தூக்கணும்னு மனசுல ஒத்திகை பாத்துக்கிட்டேன். இந்தத் தடவ ரெண்டு புள்ளி பத்தாது, நாலு.

நாலாவது ரீலு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நோட்டுல அதுக்கு "சிரிப்பு, நல்ல சிரிப்பு"ன்னு எழுதியிருப்பேன். நான் ஓட்டைய விட்டு வந்து அடுத்த ரீல மாட்டிக்கிட்டு இருந்தேன். கதவத் தள்ளிக்கிட்டு இன்னாசியம்மா வந்தாங்க.

"தம்பி, உங்க அக்கா அழுவுறா."

"இப்ப எப்படி அழும்? சிரிப்பு ரீல்தான ஓடுது"ன்னேன். இப்பவும் அத நெனச்சா ஒடம்பு கூசுது.

"போயிப் பாருய்யா."

ஓட்டையில கண்ண வெச்சேன். திரையில காமெடியன் வூடு பூரா புள்ளையத் தேடிக்கிட்டு இருக்கான். புள்ள மருந்து குடிக்க மாட்டேன்னு நெல்லு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான். காமெடியன் மூட்டை மேலயே உக்காந்துக்கிட்டு, "எங்கப்பா போயிட்டான்?"ங்கிறான். கொட்டாயே சிரிக்கிது. நாப்பது ஷோ அந்த ரீல நான் ஓட்டியிருக்கேன். கட்டிலுக்கு அடியில பூந்துக்குற புள்ளையோட வெளாடுனவனும் நான்தான். ஒரு தடவகூட எனக்குத் தோணல. ஞாயித்துக்கெழம அக்கா லேட்டா வந்ததால இந்த ரீல அது பாக்கவேயில்ல.

சிரிக்கிற அத்தன பொம்பளைங்களுக்கு நடுவுல எங்க அக்கா ரெண்டு கையாலயும் பெஞ்ச புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, ஒடம்பு பூரா குலுங்க அழுதுக்கிட்டு இருந்துச்சு. சத்தம் வெளிய வரல. வந்தாலும் அந்தச் சிரிப்புல கேக்காது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

என் கை தன்னால சவுண்டுத் திருகிக்குப் போச்சு. சிரிப்பு சவுண்டக் கொறச்சா அக்காவுக்கு நல்லா இருக்குமோ, ரீல நிறுத்திடலாமான்னு என்னமோ ஓடுச்சு.

"கைய எடு"ன்னாங்க இன்னாசியம்மா.

எடுத்துட்டேன். புள்ளி வந்துச்சு. மெஷின மாத்துனேன். அஞ்சாவது ரீல்லயும் அக்கா அழுதுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆறு, ஏழு. இடைவேளையில இன்னாசியம்மா தண்ணி கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தாங்க.

பன்னெண்டாவது ரீலு வந்துச்சு. மழை, வண்டி, வண்டிக்காரன் திரும்புறான். ஒட்டுன எடத்துல ஒரு சின்ன குதி, அத நான் மட்டும்தான் பாத்தேன். "ஹோ"ன்னான். நான் நாலு புள்ளி தூக்குனேன். கொட்டாய் மொத்தமும் முந்தானையத் தூக்குச்சு. அக்கா நிமிந்து உக்காந்து திரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணு காஞ்சிருந்துச்சு. பக்கத்துல முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொம்பள தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருந்தா. அக்கா அவ முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் அந்த நோட்ட எடுத்தேன். நாலாவது ரீலுக்கு நேரா செவப்புப் பென்சிலால ஏதாவது எழுதலாமான்னு பாத்தேன். என்னான்னு எழுதுறது? மூடி வெச்சிட்டேன். அதுக்கப்புறம் அந்த நோட்டுல எழுதல. தம்பிங்களா, உங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான். யாரு எங்க அழுவாங்கன்னு நமக்குத் தெரியாது. புள்ளி வந்தா மெஷின மாத்து. ஃபோகஸப் பாரு. படத்துல ஒரு கட்டத்தக்கூட உன் இஷ்டத்துக்கு வெட்டாத.

ஷோ முடிஞ்சு அக்காவ பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழியில ஒரு கடையில ரெண்டு பேரும் இட்லி சாப்ட்டோம். அக்கா நாலு இட்லி சாப்ட்டு, இன்னும் ரெண்டு வாங்கிக்கிச்சு. அழுததப் பத்தி நான் கேக்கல, அதுவும் சொல்லல. கடலூர் பஸ் வந்து நின்னுச்சு. ஜன்னலோரமா உக்காந்துச்சு. நான் சும்மா போயிருக்கலாம். கொணம் போவுமா? ஜன்னல்கிட்ட போயி, "வண்டி சீன் எப்படிக்கா இருந்துச்சு? உனக்காவ சவுண்ட நல்லா தூக்கி விட்டேன்"னேன்.

அக்கா என்ன ஏற எறங்கப் பாத்துச்சு.

"காதே வலிக்கிதுடா. அழுவுறவங்களுக்கு எதுக்கு அவ்ளோ சவுண்டு?"